தாயும் வைரமும்

உவமை இரண்டு காரணங்களுக்காக வருகிறது. சொல்ல வந்ததைத் துலக்க வருவது ஒன்று. சொல்ல முடியாமல் போனதை மூடி மறைக்க வருவது மற்றது. இரண்டாவதற்கு நம் கவிதைகளிலேயே உதாரணம் கிடைக்கும். நான் கண்டவற்றில் மோசமானது ஒரு தீர்ப்பில் இருக்கிறது.

1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கு. எமர்ஜென்சியில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21வது ஷரத்தைக் கொண்டு கோர்ட்டுக்குப் போகும் உரிமை நிறுத்தப்பட்டிருந்தது. மிசா கைதி வழக்குப் போடலாம் என்று ஒன்பது ஹைகோர்ட்டுகள் சொல்லியிருந்தன. சட்டவிரோதமாக உயிரையே எடுத்தாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டார். இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள்.

உவமைகள் அந்த நால்வரிடம்தான். கைதிகள்மீது அரசு காட்டும் கவனிப்பு ஏறத்தாழத் தாயின் பரிவு என்றார் பெக். விபரீதம் எதுவும் நடக்காது என்ற தம் நம்பிக்கைக்கு வைரத்தின் ஒளியையும் உறுதியையும் கொடுத்தார் சந்திரசூட். தர்க்கம் உயிரைக் கைவிட்ட இடத்தில் அலங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிக்கப்பட்டிருந்தார்கள். பின்னர் இஸ்மாயில் கமிஷன் விசாரித்து அதை உறுதிசெய்தது. தாயின் லட்சணம் இது.

கன்னாவுக்கு உவமை தேவைப்படவில்லை. உயிர்வாழும் உரிமை 21வது ஷரத்து தந்த வரம் அல்ல, ஷரத்து எழுதப்படுவதற்கு முன்பும் சட்டத்தின் அதிகாரமின்றி உயிரைப் பறிக்க முடியாது என்றார். திருவண்ணாமலையில் பாங்கு கவுன்டரில் உட்காருகிற எனக்கு இது எளிதில் புரிகிறது. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட்டோடு வரிசையில் நிற்பார்கள். சர்டிபிகேட் தராதவருக்குப் பென்ஷன் நிற்கும். அவர் உயிர் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது என்று எந்த குமாஸ்தாவும் சொல்லமாட்டான். நால்வரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள்.

1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். 21வது ஷரத்தை எமர்ஜென்சியிலும் நிறுத்திவைக்க முடியாது என்று 1978இல் 44வது திருத்தம் வந்தது. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று 2017இல் புட்டசாமி வழக்கில் எழுதியவர் அந்தச் சந்திரசூட்டின் மகன்.

தீர்ப்பைத் திருத்த 41 வருஷம் கழித்தாவது ஒரு பெஞ்ச் கூடியது. நம் உவமைகளை விசாரிக்க அப்படி எதுவும் கூடப்போவதில்லை. மனிதன் அடிபடுகிற இடத்தில் நம் வரி அழகாக இருந்தால், முதலில் அந்த அழகைத்தான் சந்தேகிக்க வேண்டும்.