மூடிவிட்டுப் படி

'மேக் இட் ஸ்டிக்' (2014). பிரவுன், ரோடிகர், மெக்டேனியல் எழுதியது. வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இருந்தால் புரட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிக்காதே, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார் என்பதுதான் சாரம். 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கும் சோதித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் ஜெயித்தார்கள்; ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவிகிதம்தான் தேறியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. (திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஒப்பிக்கச் சொன்னது சும்மா இல்லை!)

இதையே புத்தகம் முழுக்க இழுப்பது அலுப்பு. அதைவிடப் பெரிய குறை, எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸேறி, முதல் வருஷம் இங்கிலீஷ் பாடத்தோடு மல்லுக்கட்டும் தமிழ் மீடியம் பெண்ணுக்கு இதில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. புரியாததை மூடிவைத்து எதை எழுதுவாள்? முதலில் பாடத்தைத் தமிழில் தனக்கே சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் மூடட்டும்.