பூனையும் வண்டி நாயும்

1821-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1850-இல் பிரசல்சில் குடியேறிய டச்சு ஓவியர் ஹென்றியெட் ரோனர்-க்னிப் அம்மையார், பூனை ஓவியங்களால் பெரும்புகழ் பெற்றார். மேசைமேல் டொமினோக் காய்களோடு விளையாடும் பூனையை அவர் தீட்டிய ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மனிதர் எவரும் இல்லை; ஆயினும் வளமான இல்லத்தின் ஓய்வு புலனாகின்றது.

பூனைகளுக்கு முன் அவர் விரும்பித் தீட்டியவை வண்டியிழுக்கும் நாய்கள். 1860-இல் வரைந்த 'நண்பனின் மரணம்' என்னும் ஓவியத்தில், மணல் விற்கும் முதியவர் ஒருவர், வண்டியிழுத்து மாண்ட தம் நாயின் அருகே கலங்குகின்றார்.

நோயுற்ற கணவரையும் பிள்ளைகளையும் தூரிகையால் காத்தவர் அம்மையார். உழைத்த அக்கையே பிறர் இல்லத்து ஓய்வை விலைக்கு வரைந்தது. பூனை கண்ணைக் கவர்கின்றது. நாயோ நெஞ்சைத் தொடுகின்றது. அவர் கலையின் உயரத்தை அளக்கப் பின்னதே தக்க கோலாகும்.