பாலாற்றுப் படுகையின் ஆண்பெயர்கள்: தோல் வட்டாரத்தின் பெயர்மரபு குறித்த ஓர் ஆய்வு

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் பதனிடும் வட்டாரம் 2019ஆம் ஆண்டு மூன்று மாவட்டங்களுக்கிடையே பிரிக்கப்பட்டபோதும், ஆண்பிள்ளைகளுக்கு இடப்படும் பெயர்களைப் பொறுத்தவரை ஒரே ஆய்வுக்களமாகவே நீடிக்கிறது. தமிழும் தக்கனி உருதுவும் தெலுங்கும் அடுத்தடுத்த தெருக்களில் வழங்கும் இவ்வூர்களின் இடுபெயர்கள், அதாவது பிறந்தபின் பெற்றோர் சூட்டும் பெயர்கள், அரபு, பாரசீகம், எபிரேயம், வடமொழி, தமிழ் எனப் பல மூலங்களிலிருந்து வந்தவை. ஒரு பெயருக்கு அகராதி தரும் பொருள் ஒன்றாகவும், யாரை எண்ணி அது சூட்டப்பட்டது என்பது வேறொன்றாகவும் இருக்கும்போது, இவ்வட்டாரத்தில் பின்னதே பெரும்பாலும் வலுவுடையது.

இதற்குத் திப்பு என்னும் பெயரைவிடத் தெளிவான சான்று இல்லை. மைசூர் அரசரின் அப்பெயருக்குப் 'புலி' என்று பொருள் கூறுவது, அவருடைய கொடியிலும் அரியணையிலும் அமைந்த புலிச்சின்னத்தோடு ஒட்டிக்கொண்ட விளக்கமாகும். அவருடைய தாய் ஃபக்ருன்னிஸா ஆற்காட்டிலுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் அடக்கத்தலத்தில் வேண்டிக்கொண்டதால் அந்த இறைநேசரின் பெயரே பிள்ளைக்கு இடப்பட்டது என்பதே வழிவழியாகக் கூறப்படும் செய்தி. மஸ்தான் என்பது இறைக்காதலில் தன்னை மறந்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஆற்காட்டுத் தர்காவிலிருந்து மைசூருக்குச் சென்ற அப்பெயரை உடையவரின் மக்கள், 1799இல் அவர் வீழ்ந்தபின் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதும், 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சிக்குப்பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் வரலாறு அறிந்தவை.

இறைநேசர்களை முன்னிட்டுப் பெயரிடும் இம்மரபு அரசகுடும்பத்தோடு நின்றுவிடவில்லை. நாகூர் ஆண்டகையை எண்ணிச் சாகுல் ஹமீது என்றும், பாக்தாதில் அடங்கிய அப்துல் காதர் ஜீலானியை எண்ணிக் காதர், மொய்தீன், சுபஹானி என்றும் பெயர்கள் பெருகின. முஹ்யித்தீன் என்பதன் மருவான மொய்தீனுக்கு 'சமயநெறிக்கு உயிரூட்டியவர்' என்பதே அகராதிப் பொருளாயினும், அதைச் சூட்டும் குடும்பத்துக்கு அது பொருளன்று, ஆள். உருது பேசும் வீடுகளில் இத்தகைய பெயர்களின் இறுதியில் பாஷா என்னும் மதிப்புச்சொல் சேர்வது வழக்கமாதலின், மஹபூப் பாஷா, அகமது பாஷா போன்றவை இங்கு மிகுதி.

அப்துல் என்று தொடங்கும் பெயர்கள் வேறு வகையின. அப்து என்பது அடியான். அதனோடு இறைவனின் திருநாமங்களுள் ஒன்று சேரும்போது பெயர் நிறைவடைகிறது. மேல்விஷாரத்தில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லூரிக்குப் பெயர் தந்த கொடையாளர் சி. அப்துல் ஹகீமின் பெயர் 'பேரறிவாளனின் அடியான்' என விரியும். ஆகவே ஒருவரை அப்துல் என்று மட்டும் அழைப்பது, ஒரு தொடரைப் பாதியில் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும். ஆயினும் தெருவழக்கு இலக்கணத்துக்குக் காத்திருப்பதில்லை. உத்தீன் என்று முடிவன சமயத்தோடு ஒரு சிறப்பைப் பிணைப்பவை: 1749இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்ட ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனின் பெயருக்கு 'நெறியின் ஒளிகள்' என்பது பொருள்.

இந்துக் குடும்பங்களின் பெயர்மரபில் கோயில்களின் அண்மை நன்கு தெரிகிறது. வட ஆர்க்காட்டின் ஏழுமலை, திருவேங்கடம், கோவிந்தசாமி ஆகிய பெயர்கள் திருப்பதியையும், அண்ணாமலை திருவண்ணாமலையையும், முனுசாமி ஊரெல்லையில் நிற்கும் முனீசுவரரையும் நோக்குகின்றன. திருப்பத்தூரில் 1912ஆம் ஆண்டு முனுசாமியின் மகனாகப் பிறந்த ஒரு பிள்ளைக்குத் திருவேங்கடம் என்று பெயரிடப்பட்டது. ஆனால் பாட்டனாரின் பெயரே நிலைத்து, அவர் மு. வரதராசன் எனத் தமிழுலகம் அறிந்த எழுத்தாளரானார். எல்லைச்சாமி, திருப்பதி, வரதராசப் பெருமாளின் காஞ்சிபுரம் ஆகிய மூன்று திசைகளும் ஒரே வீட்டின் ஆண்பெயர்களில் கூடியுள்ளன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதனாலேயே பேரன், பெயரன் என்னும் உறவுமுறைச் சொல் அமைந்தது.

பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீடுகளில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றும், பிறரிடம் பிச்சையாகப் பெற்றதுபோல் பிச்சை என்றும் இட்டுவந்தது, எமனின் கண்ணில் படாமலிருக்கச் செய்த காப்பு. பழைய ஸ்லாவியர் 'அழகற்றவன்' எனப் பொருள்படும் நெக்ராஸ் என்னும் பெயரை இட்டதும் இதே அச்சத்தால்தான்.

ஸ்லாவிய நாடான உக்ரைனின் பெயர்மரபோடு ஒப்பிடத்தக்க இடங்கள் இன்னும் உள்ளன. கீவின் இளவரசர் வொலொதிமிர் 988 அளவில் திருமுழுக்குப் பெற்றபோது வசீல் என்னும் கிரேக்கவழிப் பெயரையும் ஏற்றார். ஆயினும் வரலாற்றில் பழைய ஸ்லாவியப் பெயரே நின்றது. கடவுள் தந்தவன் எனப் பொருள்படும் பொஹ்தான், நம் தேவதத்தனுக்கும் அரபு அதாவுல்லாவுக்கும் நேரான சொல். ஆற்காட்டு மிஷன் 1853இல் அமைந்தபின் இவ்வட்டாரக் கிறித்தவர்களிடையே வேரூன்றிய விவிலியப் பெயர்கள், இசுலாமியர் ஏற்கெனவே வழங்கிவந்தவற்றின் உடன்பிறப்புகளே. ஆம்பூரின் யஹ்யாவும் தேவாலயத்து யோவானும் உக்ரைனின் இவானும் ஒரே எபிரேயப் பெயரின் வழிவந்தவர்கள். ஜக்கரியா, சகரியா, ஸகார் ஆகியனவும் அவ்வாறே. தேவசகாயம், யேசுதாஸ் போன்ற பெயர்களோ விவிலியத்தில் இல்லாதவை. வடமொழிச் சொற்களைக் கொண்டு ஆக்கப்பட்டவை.

ஓரிடத்தில் மட்டும் ஒப்புமை முறிகிறது. எருதின் தோலைக் கையால் கிழித்து வலிமை காட்டிப் பெச்செனேகு என்னும் புல்வெளி நாடோடிகளின் மல்லனை வென்ற ஒரு தோல் பதனிடும் இளைஞனைப் பழைய கீவ் நாளாகமம் 992ஆம் ஆண்டின்கீழ்ப் போற்றுகிறது. பிற்காலக் கதைகளில் அவ்வீரன் கொஜுமியாகா, அதாவது தோல் பிசைபவன், என்றே பெயர்பெற்றான். உக்ரைனின் பெருங்கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவின் குடும்பப்பெயர் செருப்புத் தைப்பவரின் மகனைக் குறிக்கும். உலகச் சந்தைக்குக் காலணி செய்யும் ஆம்பூரிலோ தோலும் செருப்பும் எந்த ஆணின் பெயரிலும் ஏறவில்லை. தோல்தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவு சுமத்திய சமூகத்தில், அதைப் பெயரில் தாங்குவது பெருமையாக வாய்ப்பில்லை; அத்தொழிலில் உழைத்த தலித் குடும்பங்கள் தங்கள் மகன்களுக்கு அம்பேத்கர் என்றும் கௌதமன் என்றும் பெயரிட்டன.