நீர்வண்ணத்தில் கரைந்த சேரி

கிராமத்தை வரைந்த நீர்வண்ண ஓவியங்களை வாங்கி ஹாலில் மாட்டும் ரசனை நம்மவர்களிடம் உண்டு. கிணற்றடி, மாட்டுவண்டி, இடுப்பில் குடத்தோடு ஒரு பெண், பனைக்குப் பின்னால் சாயும் வெயில். வரைகிறவர்களில் பலர் உண்மையிலேயே கைதேர்ந்தவர்கள். ஈரத்தாளில் நிறத்தை எங்கே ஓடவிடணும், எங்கே தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைக்கணும் என்று தெரிந்தவர்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். இந்த ஊரில் சேரி எங்கே?

இந்த ஓவியங்களுக்கு ஒரு பழைய உறவுக்காரர் உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காக ஐரோப்பியத் தாளில் நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். வாங்கியவர்கள் கேட்டது சாதி, தொழில், உடை. 1837இல் மதுரையில் உருவான ஒரு தொகுப்பு இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்த மிஷனரி டேனியல் பூர் ஒரு பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தது. இந்தியச் சாதிகளின் 72 மாதிரிகள் என்பது தலைப்பு. மாதிரிகளாம்! பூச்சியை ஊசியில் குத்தி வைப்பதுபோல மனிதர்களை நிறுத்தி, கீழே பெயருக்குப் பதிலாகச் சாதியை எழுதியிருக்கிறார்கள்.

அருவருப்பாக இருக்கும். இருந்தாலும் பொறுமையாகப் பாருங்கள். யார் எதைக் கையில் பிடித்திருக்கிறார், சேலையை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று ஆளுக்கு ஆள் மாறுகிறது. நம் ஹாலில் தொங்கும் கிராமத்திலோ எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள். பழைய ஆல்பம் சாதியைக் கல்வெட்டாக்கியது. புதிய படம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்கிறது. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. அழகாக இருப்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இதே கம்பெனி ஓவியத்திலேயே வேறொரு வழியும் இருந்திருக்கிறது. வில்லியம் ஃப்ரேசரும் அவர் அண்ணன் ஜேம்ஸும் 1815 முதல் 1819 வரை டெல்லி ஓவியர்களைக் கொண்டு வரைவித்த படங்களில், இன்றைய ஹரியானாவின் ரானியா கிராமத்து ஆட்களும் உண்டு. பலருக்குப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. வரிசையாக நிற்கும் ஆண்களில் ஒரு முகம்போல இன்னொன்று இல்லை. எஜமானுக்காக வரைந்ததுதான், அதை மறக்க வேண்டாம். ஆனாலும் ஓவியன் எதிரே நின்றவனைப் பார்த்திருக்கிறான். குடும்பக் காகிதங்களுக்குள் கிடந்த இந்தப் படங்கள் 1979இல் கண்டெடுக்கப்பட்டு ஏலத்துக்குப் போயின. ஒரே ஊர்க்காரர்கள் இன்று வெவ்வேறு நாட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் கிடக்கிறார்கள். சேகரிப்பு என்பது இப்படி ஊரைக் கலைப்பதும்தான்.

சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் ஃபர்குவார் தொகுப்பைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பாதி புரியும். மலாயாவின் செடிகளும் விலங்குகளும் 477 படங்களில். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது, பெயர் தெரியாது. வரைவித்தவர் பெயரில்தான் தொகுப்பு.

நம் விஷயத்துக்கு வருவோம். பசிக்கும் கடனுக்கும் சாதிக்கும் தப்பிக் கப்பலேறியவர்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் காசு கொடுத்து அந்த ஊரையே, புழுதி தட்டி, வாங்கி மாட்டுகிறார்கள். ஏக்கம் பொய்யில்லை. ஆனால் பாட்டி பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தை, அதன் தகரக் கூரையை, யாராவது வரைந்து தரச்சொல்லிக் கேட்கிறோமா?

வாங்குகிறவர்கள் வாங்குங்கள். கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்; நம் ஊர் ஈரத்துக்குத் தாளில் பூஞ்சை பிடிக்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் ஓவியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தப் பெண் யார், எந்தத் தெரு? பதில் சொல்கிறவரிடம் விலை பேசாதீர்கள்.