விரும்பி ஏற்ற பரப்புரையும் கலைச் சுதந்திரமும்: குஸ்தாவ் கிளுட்சிஸின் சுவரொட்டிகள்

முன்னுரை

சோவியத் கலையை மதிப்பிடுவோர், ஆட்சிக்குப் பணிந்த பரப்புரைக் கலைஞர், ஒடுக்கப்பட்ட சுதந்திரக் கலைஞர் என இருவகைப்படுத்துவது வழக்கம். லாட்வியாவில் பிறந்த குஸ்தாவ் கிளுட்சிஸ் (1895-1938) இப்பகுப்பினுள் அடங்குவதில்லை. 1920இல் கட்சியில் சேர்ந்த அவர், பரப்புரையைத் தம் கலையின் நோக்கமாகத் தாமே ஏற்றவர். அத்தகையவர் இழந்த சுதந்திரம் யாது என்பதே இங்கு எழும் வினா.

வெட்டும் ஒட்டும்

ஒளிப்படங்களை வெட்டி, அளவு மாற்றி, ஒன்றோடொன்று பொருத்தும் ஃபோட்டோமான்டாஜ் முறை அவருடையது. ஐந்தாண்டுத் திட்டத்திற்காக 1930இல் அவர் அமைத்த சுவரொட்டியில், உயர்த்திய பெருங்கை ஒன்றினுள் பல கைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. அதற்குத் தம் கையின் ஒளிப்படத்தையே அவர் பயன்படுத்தினார். எனினும் அக்கை எவருடையது எனப் படம் சுட்டுவதில்லை. பார்ப்பவர் எவரும் அதனைத் தமதாகக் கொள்ள இயலும். துண்டுகளை இணைத்துப் பொருள் காணும் பொறுப்பும் பார்வையாளரிடமே விடப்படுகிறது. செய்தி கட்சியுடையது, அதைச் சொல்லும் முறை கலைஞருடையது.

வடிவத்தின் மீதான ஆணை

1931ஆம் ஆண்டுச் சுவரொட்டி ஒன்றில் ஸ்டாலின் சுரங்கத் தொழிலாளரோடு சேர்ந்து நடக்கிறார். உடன் நடப்பவராகக் காட்டப்பட்டாலும் கண் முதலில் அவரிடமே செல்கிறது. பிந்தைய படைப்புகளில் தலைவரின் உருவம் மேலும் பெருக்கிறது. எவருடையதும் ஆகக்கூடிய கையின் இடத்தை ஒருவரின் முகம் கொள்கிறது. 1932 ஏப்ரல் 23ஆம் நாள் மையக்குழுத் தீர்மானம் தனித்தியங்கிய இலக்கிய, கலைக் குழுக்களைக் கலைத்தது. 1934இல் எழுத்தாளர் மாநாடு வகுத்த சோசலிச யதார்த்தவாதம் ஓவியத்திற்கும் நெறியாயிற்று. முழுமையான, ஐயத்திற்கிடமற்ற காட்சியை வேண்டிய அந்நெறிக்கு, வெட்டிய தடம் தெரியும் கலை உருவவாதமாகத் தோன்றியது.

முடிவுரை

கிளுட்சிஸ் 1938 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது லாட்வியர்களைக் குறிவைத்த காவல்துறை நடவடிக்கையின் பகுதியாதலின், கலைப்பாணிக்கான தண்டனை எனக் கொள்வதற்கில்லை. அவ்வாறு கொள்வது, கட்சிக்காரரான அவரை எதிர்ப்பாளராகத் திரித்துவிடும். அவரது கலை இழந்ததை அதற்கு முந்தைய சுவரொட்டிகளிலேயே காணவேண்டும். கருத்தில் முழு உடன்பாடு இருந்தும், அதை எவ்வாறு சொல்வது என்னும் உரிமை அவரிடம் எஞ்சவில்லை. ஆகவே, கலைச் சுதந்திரத்தைக் கருத்துமாறுபாட்டால் மட்டும் அளப்பது போதாது. உடன்பட்டவருக்கு எஞ்சிய இடத்தையும் அளத்தல் வேண்டும்.