சிவந்த நிலவின் நீல விளிம்பு

சந்திர கிரகணப் படம் என்றாலே நடுவானில் செக்கச்செவேலென்று நிற்கும் நிலவைத்தான் எதிர்பார்க்கிறோம். 2025 செப்டம்பர் 7 இரவு முழுக் கிரகணம் 82 நிமிடம் நீடித்தது. மறுநாள் காலை எல்லாக் கைப்பேசியிலும் சிவப்பு உருண்டைகள். எனக்கு அவை சீக்கிரம் சலித்துவிட்டன. நான் தேடுவது முழுமை பிடிப்பதற்குச் சற்று முன்போ, விட்ட கையோடோ எடுத்த படங்களை.

அந்தச் சில நிமிடங்களில் நிலவின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று மிச்சமிருக்கும். மறுபுறம் செம்மை. இரண்டுக்கும் நடுவே, உற்றுப் பார்த்தால், மயில்நீலத்தில் மெல்லிய பட்டை ஒன்று தெரியும். பூமியின் காற்றுமண்டலத்தைத் துளைத்து வளைந்து வரும் சூரிய ஒளியில் நீலம் சிதறிப் போவதால் நிழலுக்குள் சிவப்பு விழுகிறது. உயரத்திலுள்ள ஓசோன் படலத்தை உரசி வரும் ஒளியின் கதை வேறு: அங்கே சிவப்பை ஓசோன் உறிஞ்சிக்கொள்ள, நீலம் தப்பி வந்து நிழலின் விளிம்பில் படிகிறது.

இதைப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. முழுநிலவுக்கு ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு எக்ஸ்போஷரே அதிகம். முழுக் கிரகணத்திலோ ஐஎஸ்ஓ 800 வைத்தும் ஒன்றிரண்டு நொடி திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்திருக்கும். கீற்றுக்கு அளந்தால் செம்மை இருளில் போய்விடும். செம்மைக்கு அளந்தால் கீற்று வெளுத்து வழிந்து நீலத்தை விழுங்கிவிடும். கீற்று கொஞ்சம் வெளுக்கட்டும் என்று விட்டு நீலத்தைக் காப்பாற்றுகிறவரே என் கட்சி. பல படங்களை ஒட்டிச் சேர்ப்பதும் குற்றமில்லை. கேமராவைவிட நம் கண் அதிக ஏற்றத்தாழ்வைத் தாங்கும். ஆனால் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டவரை மன்னிக்க மாட்டேன்.

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. தொலைநோக்கியின் குவியத் தூரத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு அளவுக்கே நிலவின் பிம்பம் விழும். 1000 மி.மீ. என்றால் 9 மி.மீ.; சாதாரண ஏபிஎஸ்-சி சென்சாரின் 15 மி.மீ. உயரத்தில் அது தாராளமாக அடங்கும். 2000 மி.மீ. கருவியில் நிலவின் தலையும் காலும் வெட்டுப்படும். சிறியதில் சுற்றிலும் கொஞ்சம் வானம் மிஞ்சுகிறது. நிலவொளி ஒடுங்கிய அந்த நேரத்தில் அதில் மங்கிய விண்மீன்களும் விழும். வான ஓட்டத்தோடு திரும்பும் தாங்கி மட்டும் அவசியம். அது இல்லாவிட்டால் ஒரு நொடியிலேயே நிலவு 15 விகலை நகர்ந்து பள்ளங்களெல்லாம் குழம்பிவிடும்.

இன்னொன்று: ஒவ்வொரு கிரகணத்துக்கும் தனி நிறம். பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் இதை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். 1991-இல் பினடுபோ எரிமலை கக்கிய தூசு வானில் தங்கியிருந்ததால், 1992 டிசம்பரில் கிரகண நிலவு அநேகமாகக் காணாமலே போயிற்று. சில கிரகணங்களில் அது பளபளக்கும் செம்பு. சிலவற்றில் புளி காணாத பழைய செம்பு. எல்லாவற்றையும் ஒரே ஆரஞ்சுக்கு ஏற்றிவிடும் படத்தில் அந்த ஆண்டின் காற்று இருக்காது.

இந்தியாவில் பார்க்கத்தக்க முழுக் கிரகணம் ஒன்று 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக்குச் சற்று முன்பாக வருகிறது. முழுமை 71 நிமிடம். உச்சம் பத்தரை மணிக்குச் சற்று முன். சிவப்பு முடிந்ததும் வாழ்த்துச் சொல்லக் கீழே இறங்கிவிடாதீர்கள். நீலம் அப்போதுதான் வரும்.