நம்பரை விடுங்கள், கோட்டைப் பாருங்கள்

டெட்ராய்ட் பக்கம் நம்மவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நோவை, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று எங்கே போனாலும் கடையில் ஒரு தமிழ்க் குரல் காதில் விழும். அவர்களில் பலருக்கும் சோறு போடுவது கார் கம்பெனிதான். ஆனால் ஆகஸ்ட் மாதம் மூன்றாம் சனிக்கிழமை, ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள் உறுமிக்கொண்டு ஊர்வலம் போகும்போது நம் ஆட்கள் எங்கே இருப்பார்கள்? நயாகராவில். போன வருஷம் பார்த்த அதே நயாகராவில். ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட 1995-இல் தொடங்கிய விழா இது. டிக்கெட் இல்லை, வேலி இல்லை. ஓரமாக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

கேட்டால், "எல்லாம் பழைய வண்டிதானே சார், எனக்கு ஒண்ணும் புரியாது" என்கிறார்கள். சத்தத்தையும் நிறத்தையும் ரசிக்க எதுவும் புரியவேண்டியதில்லை, சின்னப் பையன்கூட ரசிப்பான். அதற்கு மேலே ஒரு சுகம் இருக்கிறது. எதிரே நிற்கும் மஸில் கார் அசலா, பிற்பாடு ஜோடித்ததா என்று கண்டுபிடிக்கிற சுகம். அது பிடிபட்டுவிட்டால் நயாகரா வெறும் தண்ணீர்.

அடிப்படையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 மாடலுக்காக ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் இன்ஜினியர் ஜான் டெலோரியனும் சகாக்களும் சேர்ந்து, நடுத்தரக் காருக்குள் பெரிய காருக்கான 389 கன அங்குல இன்ஜினை இறக்கினார்கள். நம் கணக்கில் 6.4 லிட்டர். அதுதான் ஜி.டி.ஓ. மஸில் கார் என்றால் இந்தச் சேர்க்கைதான். நடுத்தரக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகத்தின் உத்தரவு. இவர்கள் என்ன செய்தார்கள்? தனி மாடல் என்று அறிவிக்காமல், லெமான்ஸ் காரின் கூடுதல் வசதிப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மற்ற கம்பெனிகளும் குதித்தன. 1970-களின் தொடக்கத்தில் இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடி என்று வரிசையாக வந்து கழுத்தைப் பிடித்தன. ஆட்டம் முடிந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

அந்தப் பட்டியல் தந்திரத்தை மட்டும் மறக்காதீர்கள், நம் தலைவலிக்கெல்லாம் மூலம் அதுதான். பலசாலி இன்ஜின் என்பது பட்டியலில் போட்ட ஒரு டிக் என்றால், பாடி சாதாரணக் காரின் பாடியேதான். சாதுவான குடும்பக் காரை வாங்கி, வேறெங்கோ கிடைத்த இன்ஜினை வைத்து, பானெட்டில் இரண்டு பட்டை தீட்டி, பெயர்ப் பலகையை ஒட்டினால் பார்வைக்கு அது மஸில் கார்தான். விலையோ சில மடங்கு ஏறிவிடும்.

இதில் கிரைஸ்லரும் ஃபோர்டும் யோக்கியமானவர்கள். கண்ணாடி வழியே டாஷ்போர்டில் தெரியும் சேஸிஸ் நம்பரிலேயே ஐந்தாவது இடத்தில் இன்ஜினைச் சொல்லிவிடுவார்கள். கிரைஸ்லரின் 1970 பிளிமத்திலோ டாட்ஜிலோ அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் அது 426 ஹெமி இன்ஜினோடு பிறந்த வண்டி. 1967 முதலான ஃபோர்டு என்றால், உற்பத்திப் பதிவுகளை உரிமத்தோடு வைத்திருக்கும் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸுக்குப் பணம் கட்டினால் அறிக்கை வந்துவிடும். பான்டியாக்குக்கும் அப்படி ஒரு ஆவணச் சேவை உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் விடையைக் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை.

செவர்லேயிடம் வாருங்கள். ஒரு 1969 கமாரோவின் நம்பர் 124379என் என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் செவர்லே. 24 என்றால் எட்டு சிலிண்டர் கமாரோ. 37 கூரை போட்ட இரண்டு கதவு வண்டி. 9 வருஷம். 'என்' என்றால் ஒஹையோ மாநிலத்து நார்வுட் ஆலை. அவ்வளவுதான் சொல்லும். எட்டு சிலிண்டரில் எது என்று மூச்சு விடாது. அந்த வருஷம் செய்த 2,43,085 கமாரோக்களில் 20,302 மட்டுமே இசட்-28 என்ற ரேஸ் ரகம். எல்லோருக்கும் வேண்டியது அதுதான். ரேஸ் விதி 5 லிட்டருக்கு மேல் கூடாது என்றதால், 327-இன் சிலிண்டர் விட்டத்தோடு 283-இன் ஸ்ட்ரோக்கைச் சேர்த்து 302 கன அங்குலம் ஆக்கிய இன்ஜின் அதில். நாலு கியர் பெட்டியும் முன் டிஸ்க் பிரேக்கும் இல்லாமல் இசட்-28 வெளியே வந்ததில்லை. அதனால் அவை இல்லையென்றால் சந்தேகப்படலாம். இருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது, இரண்டும் கடையில் கிடைக்கும் சாமான்கள்.

காகிதம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். மனை வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம் கேட்கிற மாதிரி, செவர்லே பார்க்கப் போகிறவர் பில்ட் ஷீட் கேட்கவேண்டும். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று தொழிலாளிகள் பார்ப்பதற்காக ஆலையில் அச்சிட்ட தாள் அது. வேலை முடிந்ததும் சில ஆலைகளில் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலேயோ செருகிவிடுவார்கள். பிறகு எலி கடித்து, எண்ணெய் ஊறி, பாதித் தாள்தான் மிஞ்சும். கூடவே வாரன்ட்டிப் புத்தகத்தில் ஒட்டிய ஒரு சின்ன உலோகத் தகடும் உண்டு. இரண்டுக்குமே இன்று டூப்ளிகேட் வந்துவிட்டது. ஆக, கடைசியில் இரும்பைத்தான் கேட்கவேண்டும்.

இங்கேதான் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினின் முன்பக்கம், வலதுபுற சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சமதளம் இருக்கும். 1969 வண்டியில் ஆல்டர்னேட்டருக்குக் கீழே ஒளிந்திருக்கும். இதைப் 'பேட்' என்பார்கள். அதில் பஞ்ச் அடித்திருப்பதைப் படியுங்கள்: வி0115டிஇசட். 'வி' என்றால் மிச்சிகன் ஃபிளின்ட் இன்ஜின் ஆலை. ஜனவரி 15. 'டிஇசட்' என்றால் 1969 இசட்-28-இன் இன்ஜின். பக்கத்தில் வண்டியின் சேஸிஸ் நம்பரில் ஒரு துண்டு. சில வண்டிகளில் அது ஆயில் ஃபில்டர் பக்கம் இருக்கும். இந்தத் துண்டும் டாஷ்போர்டு நம்பரும் ஒத்துப்போனால் "மேட்சிங் நம்பர்ஸ்!" என்று ஏல மேடையில் கத்துவார்கள், டி.வி. வர்ணனையாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். அந்த ஆள் ஒருநாளும் குனிந்து பேடைப் பார்த்திருக்கமாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஒத்துப்போகும்படி நம்பர் அடிக்க ஒரு செட் பஞ்சும் ஒரு சுத்தியலும் போதாதா?

நம்பரை விடுங்கள். அது அடிக்கப்பட்டிருக்கும் தளத்தைப் பாருங்கள். இன்ஜின் பிளாக்கின் மேற்பரப்பை, பேடையும் சேர்த்து, ஆலையில் 'புரோச்' என்ற ராட்சத மெஷின் ஒரே இழுப்பில் சீவிவிடும். அப்படிச் சீவியது முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக, முடி போன்ற நேர்கோடுகளை விட்டுச் செல்லும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் துல்லியமாகத் தெரியும். பட்டறையில் பழைய நம்பரை அழிக்கிறவர் என்ன செய்வார்? பிளாக்கின் மேற்பரப்பைக் கட்டரால் சீவி ஃபேஸிங் போடுவார். அந்தக் கட்டர் சுற்றிச் சுற்றி வெட்டும், அதனால் விழுவது வளைவுக் கோடு. நேர்கோடு ஆலை, வளைகோடு பட்டறை. இந்த ஒன்றை மனசில் வாங்கிக்கொண்டால் போதும் என்பேன்.

போதாது. பலே கில்லாடிகள் வளைவை மறைக்க உப்புத்தாளையோ அரத்தையோ நேராக இழுத்துப் பொய்க்கோடு போடுவார்கள். அப்போது வரிசை என்ன என்று யோசியுங்கள். ஆலையில் கோடு முதலில், பஞ்ச் பிறகு. பஞ்ச் இறங்கும்போது இரும்பு பிதுங்கி, எழுத்தைச் சுற்றி மெல்லிய உதடு எழும்பும். கோடு அந்த உதட்டின் மேலேயும் ஓடினால் அது எழுத்துக்குப் பிறகு போட்ட கோடு. நகத்தால் தடவினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று: 'டிஇசட்' எழுத்து ஃபிளின்ட்டில் இன்ஜின் ஆலையில் அடித்தது, சேஸிஸ் துண்டு நார்வுட்டில் கார் ஆலையில் அடித்தது. ஊர் வேறு, கை வேறு, பஞ்ச் வேறு. இரண்டும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில், ஒரே ஒழுங்கில் இருந்தால் இரண்டையும் அடித்தது ஒரே ஆள்.

ஒரு விற்பனைக் கொட்டகையில் ஆரஞ்சு நிறக் கமாரோ ஒன்றை எனக்குக் காட்டினார்கள். விற்பவர் நம்பரை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார், எல்லாம் பொருந்தின. நான் டார்ச்சைத் தாழ்த்தினேன். எழுத்துகளுக்கு அடியில் பிறைபிறையாக வளைவுகள். அவரும் பார்த்துவிட்டார். உடனே வண்டியின் மியூசிக் சிஸ்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அதற்காக வளைவைக் கண்டதும் திருடன் என்று கூவாதீர்கள். ஹெட் கேஸ்கட் போன வண்டிக்கு நியாயமாகவே ஃபேஸிங் போட்டிருப்பார்கள், அதில் நம்பர் அழிந்திருக்கும். அழிந்தது குற்றமில்லை, அழிந்த பிறகு அடித்ததுதான் குற்றம். எனக்குப் பிடித்தது 'சிஇ' என்று பஞ்ச் அடித்த பிளாக். வாரன்ட்டி காலத்திலேயே இன்ஜின் வெடித்து, கம்பெனி மாற்றிக் கொடுத்தது அது. சுத்தம் பார்க்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ, எவனோ இருபது வயதுப் பையன் புது வண்டியை வாங்கிய கையோடு எங்கோ ஒரு சிக்னலில் போட்டிக்கு நின்று இன்ஜினைக் கொன்றிருக்கிறான் என்று தோன்றும். வண்டி அதற்காகத்தானே செய்யப்பட்டது!

தேதிகளையும் ஒரு ஓட்டம் பார்த்துவிடுங்கள். பிளாக்கை வார்த்த தேதி அதன் பின்புறம் புடைப்பாக இருக்கும். மாதத்துக்கு எழுத்து, நாளுக்கு எண், வருஷத்துக்கு ஒரே இலக்கம். வார்த்த தேதி முதலில், இன்ஜின் பூட்டிய தேதி அடுத்து, பாடியில் பொருத்திய தகட்டில் இருக்கும் வாரம் அதற்கும் பின்னால் வரவேண்டும். ஆனால் ஒற்றை இலக்கத்தில் ஒரு கண்ணி உண்டு. 9 என்பது 1969-ஆ, 1979-ஆ? 3970010 என்ற வார்ப்பு எண் இசட்-28-இலும் வந்தது, 1970-களின் கடைசிவரை வேறு வண்டிகளிலும் வந்தது. ஏதோ ஒரு லாரியைத் தள்ளிக்கொண்டிருந்த பிளாக் திடீரென்று ரேஸ் பரம்பரை ஆவது இப்படித்தான்.

பாடிக்கும் இதே கண்தான். டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கி, பற்றவைப்பைப் பாருங்கள். ஆலையின் ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்னக் குழிகளாக இருக்கும், இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே. துளை போட்டு நிரப்பிய வெல்டிங் புடைத்திருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். பளபளப்பைப் பார்த்து மார்க் போடுகிற நடுவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கெடுத்த வண்டிகள் துரு தின்ற வண்டிகளைவிட அதிகம். ஆலையில் அந்த வண்டிகள் அவசரத்தில் வந்தவை. பெயின்ட் வழிந்திருக்கும், கதவு இடுக்கு ஒரே சீராக இருக்காது, இன்ஜின் அறைச் சுவரில் தொழிலாளி 'பார்த்தாச்சு' என்று கிறுக்கிய சாக்பீஸ் கோடு இருக்கும். அதையெல்லாம் தேய்த்துவிட்டு முகம் பார்க்கலாம்போல் பெயின்ட் அடித்து, அதற்கு 'ஒரிஜினல்' என்று அட்டை மாட்டுகிறார்கள். அதற்கு எதிர்த்திசையில் ஒரு புது ஃபேஷன்: ஸ்பிரே அடித்துப் பொய்த் துரு வரவழைப்பது. துரு எங்கே பிடிக்கும் என்று மழைக்குத் தெரியும், ஸ்பிரே டப்பாவுக்குத் தெரியாது. கதவு நடுவில் அழகாக மலர்ந்திருக்கும், தண்ணீர் தேங்கும் அடி விளிம்பு சுத்தமாக இருக்கும்! பழைய பாடிக்குள் நேற்று வந்த இன்ஜினும் தொடுதிரையும் வைக்கிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஓட்டட்டும், நன்றாகவே ஓடும்.

'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற 1968 மஸ்டாங் ஜி.டி. 390 இருக்கிறதே, தேய்க்காமல் விட்டதற்கு அதுதான் சாட்சி. 2020 ஜனவரியில் ஃபுளோரிடா கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில் சுத்தியல் 34 லட்சம் டாலருக்கு விழுந்தது. ஒரு குடும்பத்தில் 1974 முதல் இருந்த வண்டி. மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. மேடைக்கு வந்தபோது அதன் பெயின்ட் மங்கிப்போய், துரு தெரிய, நசுங்கல்களோடுதான் வந்தது. கேமரா மாட்டப் படக்குழு அடியில் பற்றவைத்த இரும்புக் குழாய்கள் அப்படியே இருந்தன. யாராவது புத்திசாலி அவற்றை வெட்டியெடுத்து 'ஆலை நிலைக்கு' மீட்டிருந்தால், மிஞ்சியிருப்பது இன்னொரு பச்சை மஸ்டாங்.

சரி, ஆகஸ்டில் வரத்தான் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை. பெல்ட் பக்கிள் பெயின்ட்டில் உரசுகிறமாதிரி வண்டியில் சாயாதீர்கள், வண்டிக்காரர் பார்வையிலேயே கொன்றுவிடுவார். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். "என்ன விலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், நம்மவர்கள் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். "பேடைப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். அசல் வண்டி வைத்திருக்கும் கிழவர் முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு தன் டார்ச்சைத் தேடுவார். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு உங்களை விடமாட்டார், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் அவரே துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பார். உப்புத்தாளை எடுத்தாரானால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகருங்கள்.